40320 ஏன் –25216 ஆயிற்று?

1 முதல் 8 வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். 40320 என்று விடை வரும். இதே கணக்குக்கு, 1987-இல் வெளிவந்த டர்போ சி கம்பைலரில், 'இன்ட்' வகை எண்ணைக் கொண்டு ஒரு சிறு புரோகிராம் எழுதினால் திரையில் –25216 என்று தோன்றும்! பெருக்கிய எண்கள் யாவும் நேர் எண்கள். விடை மட்டும் எதிர்க்குறியுடன் வருவானேன்?

கம்பைலர் என்பது என்ன?

'சி' மொழியை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். ஆனால் கணிப்பொறியின் மைக்ரோபிராசஸருக்கு 0, 1 என்ற குறிகளாலான ஆணைகள் மட்டுமே புரியும். நாம் 'சி' மொழியில் எழுதுவதை அந்த ஆணைகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளரே கம்பைலர்.

டர்போ சி ஒரு முழு எண்ணுக்கு 16 பிட் இடம் ஒதுக்கியது. இதில் 65536 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். பாதி எதிர் எண்களுக்குப் போய்விடுவதால், மிகப் பெரிய நேர் எண் 32767 தான். பேருந்தின் தூரம் காட்டும் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் 00000-க்குத் திரும்புகிறது அல்லவா? அதுபோலவே இங்கும் 40320-லிருந்து 65536 கழிந்து –25216 ஆகிறது.

வலிமை இருந்தும் பயனில்லை

1985-இல் இன்டெல் நிறுவனம் 80386 என்ற 32 பிட் மைக்ரோபிராசஸரை வெளியிட்டது. 400 கோடிக்கும் அதிகமான பைட் நினைவகத்தைக் கையாளும் திறன் அதற்கு உண்டு. ஆனால் எம்.எஸ்.டாஸ் அமைப்பில் 16 பிட் கம்பைலர் கொண்டு எழுதிய புரோகிராம், அதை 1978-ஆம் ஆண்டின் 8086-ஐப் போலவே நடத்தியது. வேகம் மட்டும் கூடியது. ஏரி நிறைய நீர் இருந்தும் ஒரே ஒரு மதகைத் திறந்து வைத்த கதைதான்!

இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சூடாக்கிய உலோகத் தகட்டின் வெப்பநிலையைக் கணக்கிட, தகட்டை 100 × 100 கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 8 பைட் தேவை என்றால் மொத்தம் 80000 பைட். 16 பிட் முறையிலோ நினைவகம் 65536 பைட் கொண்ட துண்டுகளாகவே கையாளப்பட்டது. அணி ஒரு துண்டில் அடங்காது. துண்டுகளைத் தாண்டிச் செல்ல வழி உண்டு. ஆனால் வேகம் குறையும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இதற்காகவே 32 பிட் கம்பைலர்கள் வந்தன. டாஸ் அமைப்பு 16 பிட் அமைப்பாகவே இருந்ததால், இவற்றுக்கு 'டாஸ் எக்ஸ்டென்டர்' என்ற இடைத்தரகர் தேவைப்பட்டது. அது புரோகிராமை 32 பிட் நிலையில் ஓடவிட்டு, கோப்பைப் படிக்க வேண்டும்போது மட்டும் டாஸிடம் போய்வரும்.

கனடாவின் வாட்காம் கம்பைலர் வேகமான ஆணைகளைத் தருவதில் பெயர் பெற்றது. 1993-இல் வந்த 'டூம்' என்ற விளையாட்டு அதைக் கொண்டே டாஸுக்காகத் தயாரானது. ஆனால் அன்று அதை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜி.சி.சி. இலவசமானது. அதை 386 கணிப்பொறியின் டாஸ் அமைப்புக்குக் கொண்டுவரும் வேலையை டி.ஜே. டிலோரி 1989-இல் தொடங்கினார், அதுவே டி.ஜே.ஜி.பி.பி. எனினும் அதற்கு நினைவகமும் வட்டில் இடமும் கூடுதலாக வேண்டும்.

ஆகவே, சிறு பயிற்சிகளுக்கு டர்போ சி போதும். அது நொடியில் மொழிபெயர்த்துவிடும். நமது தகட்டுக் கணக்குக்கு டி.ஜே.ஜி.பி.பி. ஏற்றது. வேகமே உயிர் என்றால் வாட்காம். கணக்கின் அளவு, வேகம், விலை ஆகிய மூன்றையும் எடை போட்ட பிறகே தேர்வு செய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

32 பிட் முழு எண்ணின் எல்லை 2147483647. இன்றைய கம்பைலர்களிலும் 'இன்ட்' வகை எண் பெரும்பாலும் 32 பிட் தான். 1 முதல் 13 வரை பெருக்கினால் வரவேண்டிய விடை 6227020800. அதில் 4294967296 கழிந்து 1932053504 என்று திரையில் தோன்றும். இம்முறை எதிர்க்குறி இல்லை! பார்வைக்குச் சரியான விடை போலவே இருக்கும். –25216 தன் பிழையைத் தானே சொல்லிவிட்டது, இது சொல்லாது. எனவே விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்பதை முதலில் காகிதத்தில் கணித்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்: 1, 2, 3 என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால், 16 பிட் முழு எண்ணின் எல்லையை எந்த எண்ணைக் கூட்டும்போது தாண்டுவோம்?

(விடை: 256)