கூதிர் காலத்துத் துணி: பினாங்குக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்று நம் முன்னோர் வகுத்து வைத்தார்கள். தமிழ்நாட்டில் வாடைக் காற்றோடும் ஐரோப்பிய தேசங்களில் கம்பளிச் சட்டையோடும் சேர்த்து நினைக்கப்படும் இந்தப் பருவம், பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கில் கிடக்கும் பினாங்குத் தீவுக்கு மழையை மாத்திரமே கொண்டுவருகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களே இங்கே ஆண்டில் மழை மிகுந்தவை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் ஒரே இரவில் தீவின் பெரும்பகுதியை நீரில் ஆழ்த்திய மழையை இத்தீவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நம்முடைய தீபாவளியோ சரியாக இந்த ஈர நாட்களின் நடுவில் வருகிறது: 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஆகவே, ஒரு தமிழ்க் குடும்பம் ஆண்டில் மற்றெந்த மாதத்தையும்விட அதிகமாக ஜவுளிக்குச் செலவழிக்கும் காலமும், துணி எளிதில் உலராத காலமும் இங்கே ஒன்றாக அமைந்துவிடுகின்றன. வண்ணம், ஜரிகை, விலை ஆகியவற்றை விசாரிப்பதற்கு முன்னால், 'இந்தத் துணி இந்த ஈரத்தில் உடம்பில் எப்படி இருக்கும், கொடியில் எப்போது உலரும்?' என்று கேட்பதுதான் பினாங்கில் துணி வாங்குவோரின் முதற்கடமை என்பது என் உறுதியான அபிப்பிராயம். கடை, துணி, தையல் என்ற மூன்று தேர்வுகளையும் இந்த ஒரே கேள்வியைக் கொண்டு பார்ப்போம்.

எந்தக் கடை?

பாயான் பாருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு: பல்பொருள் அங்காடி, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் ஜவுளிக்கடை, பினாங்கு சாலையையும் கேம்பல் வீதியையும் சௌரஸ்தா சந்தையையும் ஒட்டிய மீட்டர் துணிக்கடை.

பல்பொருள் அங்காடி என்பது இத்தீவுக்குப் புதியதன்று. 1882இல் கல்கத்தாவில் ராபர்ட் லெய்ட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிய வைட்டவே லெய்ட்லா நிறுவனம், ஆசியாவின் துறைமுக நகரங்கள் பலவற்றில் கிளை பரப்பிய காலத்தில் பினாங்கின் பீச் வீதியிலும் கடை விரித்திருந்தது. அதன் பெயர் தாங்கிய கட்டடம் இன்றும் அவ்வீதியில் இருக்கிறது. சட்டை, தொப்பி, காலணி, மேஜை விரிப்பு என்று பிரிவு பிரிவாக அடுக்கி, சீட்டில் எழுதிய விலையே விலை என்று நிர்ணயித்து, ரொக்கத்துக்கு மாத்திரம் விற்ற அந்த முறை, பேரம் பேசியே பழகிய கீழ்த்திசை நகரங்களுக்கு ஒரு புதிய வியாபார ஒழுக்கத்தைக் காட்டியது. கொம்தாருக்கு எதிரே பல பத்தாண்டுகளாகப் பினாங்கு மக்கள் ஏறி இறங்கிய காமாவும், பாயான் பாரு வாசிகளுக்குப் பழகிய சன்ஷைன் ஸ்குவேரும் அந்த மரபின் பிற்காலத்துப் பிள்ளைகள். ஆயத்தச் சட்டை, உள்ளாடை, பள்ளிச் சீருடை, துவாலை, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்கு இத்தகைய அங்காடிகளே உசிதமான இடங்கள். அளவு பொருந்துகிறதா என்று போட்டுப் பார்க்கலாம். விலையை நான்கு பேரிடம் விசாரிக்க வேண்டியதில்லை. மழை கொட்டினாலும் ஒரே கூரையின் கீழ் எல்லாம் முடிந்துவிடும். துணியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆள் அங்கே எப்போதும் இருப்பதில்லை என்பது மாத்திரமே குறை. சீட்டில் அச்சிட்ட இழை விவரத்தை நாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லிட்டில் இந்தியாவின் பெருமை வேறு வகையானது. 1786இல் இத்தீவு ஆங்கிலேயர் வசமான நாள்தொட்டே சோழ மண்டலக் கரையின் துணிமூட்டைகள் இங்கே இறங்கின. அவற்றோடு வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும் பிறரும் குடியேறிய வீதிகளே இன்றைய மார்க்கெட் வீதி, பினாங்கு வீதி, குயின் வீதி, சூலியா வீதி. 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் அந்த வணிக சமூகத்தின் சாட்சிகளாய் நிற்கின்றன. சேலை, வேட்டி, பாவாடை, ரவிக்கைத்துணி, கைலி என்று நம் வழக்கத்துக்குரியவற்றை வாங்க இதற்கு ஈடான இடம் இத்தீவில் இல்லை. கடைக்காரர் சேலையின் மடிப்பை அவிழ்த்து, முந்தானையை ஒரு வீச்சில் மேஜைமீது விரித்து, கரையையும் உடலையும் இணைத்த இடத்தை விரலால் காட்டி, "அக்கா, இது பார்க்கப் பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்லை, மழையில் கட்டுவதற்கு என்றால் அதோ அந்தக் காட்டனை எடுங்க" என்று சொல்லும்போது, தலைமுறைகளின் அனுபவம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இங்கே பேரம் உண்டு. ஆகையால் ஒரே வகைச் சேலைக்கு இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுக்கொள்வது அவசியம். தீபாவளிக்கு முந்திய வாரத்து நெரிசலில் எந்தத் துணியையும் நிதானமாகப் பார்க்க முடியாது. மூன்று நான்கு வாரங்களுக்கு முன், வேலை நாளின் காலை வேளையில் போவதே உத்தமம்.

மூன்றாவது வழியான மீட்டர் துணிக்கடை, பாஜு கூரோங்கோ சுரிதாரோ சட்டையோ தைத்துக்கொள்ள விரும்புவோருக்கு உரியது. சுருள் சுருளாக நிற்கும் துணிகளில் நமக்கு வேண்டியதை வேண்டிய அளவு மாத்திரம் வெட்டி வாங்கலாம். கடைசியில் மிஞ்சிய துண்டுகள் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் வெட்டிய துணியைத் திரும்பக் கொடுக்க முடியாது என்பதை மனத்தில் வைத்து, சுருளின் உட்புறம் வரை விரிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே கத்தரிக்கோலுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். நிறத்தைக் கடையின் குழல் விளக்கில் நிர்ணயிக்கலாகாது. துணியின் நுனியைக் கடைவாசலிலுள்ள ஐந்தடி நடைபாதை வரை கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே மயில்கழுத்து நிறமாக மின்னியது வெளியே வெறும் பச்சையாக நிற்பதும் உண்டு.

எந்தத் துணி?

இழைகளின் குணத்தை அறிந்தவருக்குத் தேர்வு எளிது. மிதமான ஈரமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ எட்டு சதவீதமும், பட்டு பதினொரு சதவீதமும், ரேயான் அதற்குச் சற்று மேலும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. பாலியெஸ்டரோ அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. வியர்வையை உறிஞ்சும் துணி உடம்புக்குச் சுகம். உறிஞ்சாத துணி கொடியில் சீக்கிரம் உலரும். இந்த இரண்டு நன்மைகளுக்கும் நடுவே நாம் செய்யும் சமாதானமே மழைக்காலத்துத் துணித் தேர்வு.

பருத்தியை நான் முதலிடத்தில் வைக்கிறேன். நனைந்தபோது வலிமை கூடும் இழை அது. கசக்கிப் பிழிந்தாலும் தாங்கும். உலர நேரம் பிடிக்கும் என்ற குறைக்குப் பரிகாரம், மெல்லிய நெசவைத் தேர்ந்தெடுப்பதே. முழங்கையை எட்டாத கையும் மெல்லிய பருத்தியுமாக அமைந்த சட்டை, மின்விசிறியின் கீழ் ஒரே இரவில் பெரும்பாலும் உலர்ந்துவிடும். தடித்த டெனிம் கால்சட்டையோ மறுநாள் மாலையிலும் இடுப்புப் பட்டையில் ஈரத்தோடு நிற்கும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், சுருங்காதபடி ஆலையிலேயே பதப்படுத்திய துணியா என்று விசாரிக்க வேண்டும். அல்லவெனில் மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கி, தைக்கக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

ரேயான் கையில் எடுத்தவுடன் குளிர்ச்சியாய் வழுக்கி மனத்தைக் கவரும், விலையும் குறைவு. ஆனால் அது நனைந்ததும் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. முறுக்கிப் பிழிந்தால் தையலோரங்களில் இழை விலகும். கவனமாகத் துவைக்க நேரமுள்ளவர்களுக்கு மாத்திரமே இதைச் சிபாரிசு செய்வேன்.

பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணி அன்றாட வேலைக்குப் பெரிதும் பிரயோஜனமானது. 1972 முதல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தகத் தொழில் வட்டாரத்தில் எழுந்த ஆலைகளுக்கு முறைவேலை செய்யப் போகிறவர்கள் குளிரூட்டிய கூடத்திலேயே நாளைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு வியர்வையைவிடச் சலவையும் இஸ்திரியுமே பெரிய சிரமம். கலப்புத் துணி சீக்கிரம் உலரும், கசங்காது. முழுப் பாலியெஸ்டர் மாத்திரம் நம் சீதோஷ்ணத்தில் திறந்த வெளிக்கு ஏற்றதன்று. பிள்ளைகளுக்கு அதைப் போட்டு மத்தாப்பு கொளுத்த விடுவது அபாயமும் ஆகும், ஏனெனில் அது தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பட்டு வீட்டின் விசேஷங்களுக்கு உரியது; அதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. உடலையும் கரையையும் வேறு வேறு நாடாக்களால் நெய்து இணைக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவு, இரண்டு மனிதர்கள் ஒரு தறியில் ஒத்து உழைத்தால்தான் உருவாகும் கலை. அசல் ஜரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் ஏற்றியிருப்பார்கள்; விலை குறைந்தவற்றில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும், அது இந்த ஈரத்தில் சீக்கிரம் கறுக்கும். இந்தியாவின் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் வழங்கும் சில்க் மார்க் முத்திரைச் சீட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் ஓரத்து நூல் ஒன்றிரண்டைக் கடைக்காரரின் அனுமதியோடு எரித்துப் பார்க்கலாம்: பட்டு மயிர் கருகும் வாசனையோடு பொடியாகும், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை உருகி மணியாக இறுகும். ஆனால் பட்டை ஆண்டுதோறும் வாங்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுகளுக்கு ஒரு நல்ல பட்டு, ஆண்டுக்கொரு நல்ல பருத்தி என்பதே இந்த ஊருக்கு ஏற்ற கணக்கு.

இம்மண்ணின் பாட்டிக்கையும் மறக்கலாகாது. மெழுகு தீட்டிச் சாயமேற்றிய பருத்திப் பாட்டிக் பண்டிகைக்கும் அலுவலகத்துக்கும் ஒருங்கே பொருந்தும். அசல் பாட்டிக்கில் சாயம் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் ஊறியிருக்கும். இயந்திரத்தில் அச்சிட்ட போலியின் மறுபுறம் வெளிறித் தெரியும். எந்தச் சாயத்துணியையும், ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தபின் வாங்குவது நல்ல பழக்கம்.

ஆயத்த ஆடையா, தையலா?

வளரும் பிள்ளைகளுக்கும், சாதாரண உடற்கட்டுள்ள ஆண்களுக்கும் ஆயத்த ஆடையே சிக்கனம். ரவிக்கை, பாஜு கூரோங், பெரியவர்களின் சட்டை ஆகியவை உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தால்தான் நிம்மதி தரும். உள்ளே ஓரிரு விரல் அளவு துணி மடித்து விடச் சொன்னால் பிற்காலத்தில் பிரித்துப் பெரிதாக்கவும் இயலும். தையற்காரர்கள் பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே புதிய வேலையை மறுத்துவிடுவார்கள் என்பதால், தைக்க நினைப்பவர் புரட்டாசித் தொடக்கத்திலேயே துணியைக் கொடுத்துவிட வேண்டும்.

அளவுகள் வருமாறு. துணியின் அகலம் 36 அங்குலமானால் அரைக்கைச் சட்டைக்கு இரண்டேகால் மீட்டர். 58 அங்குலமானால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் போதும். ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. பாஜு கூரோங்குக்குச் சுமார் நான்கு மீட்டர். கட்டமும் பெரிய பூவும் போட்ட துணியில் கோலம் பொருந்தத் தைப்பதற்குச் சிறிது அதிகம் வேண்டும். அகலத்தைக் கேட்காமல் மீட்டர் கணக்கை மாத்திரம் சொல்லி வாங்குவதே வீண்செலவின் மூலகாரணம்.

யாருக்கு எது?

தொகுத்துச் சொன்னால், கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் மெல்லிய பருத்தி. பள்ளிப் பிள்ளைக்கும் முறைவேலைக்காரருக்கும் கலப்புத் துணியில் ஆயத்த ஆடை, பல்பொருள் அங்காடியிலிருந்து. வீட்டுத் தலைவிக்குப் பருத்திச் சேலை, லிட்டில் இந்தியாவிலிருந்து. அலுவலகம் போகும் இளைஞருக்குப் பாட்டிக் சட்டை. கோயிலில் கட்ட எட்டு முழப் பருத்தி வேட்டி. 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலைக்கோ கேமரன் மலைக்கோ போகிறவர்களுக்கும், இரவுப் பேருந்தின் குளிரில் பயணம் செய்பவர்களுக்கும் மெல்லிய பின்னல் மேலாடை ஒன்று போதும். கனத்த கம்பளி இங்கே அலமாரியில் பூஞ்சை பிடிப்பதற்கே உதவும்.

வாங்கியதைப் பேணுவதும் தேர்வின் ஒரு பகுதியே. பட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்தால் உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சையாகும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மூன்று நான்கு மாதங்களுக்கொரு முறை மடிப்பை மாற்றி, வெயிலில்லாத காற்றில் சிறிது நேரம் விரித்துவைக்க வேண்டும்.

கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்ன சமூகம், துணியின் விலையைவிடத் தூய்மையையே பெரிதாக எண்ணியது. அந்தத் தூய்மை, துவைத்துத் துவைத்து உலர்த்திக் கட்டக்கூடிய துணிக்கே வாய்க்கும். ஆகையால் பையில் குறைந்த பணமே இருந்தாலும் மனக்குறைக்கு இடமில்லை: ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நல்ல பருத்தி உடுப்பை, துணி தெரிந்த கடைக்காரரிடம், நெரிசலுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். பண்டிகை முடிந்த பின்னும் அடுத்த கூதிர் வரை அவர்கள் அதை விரும்பி உடுத்துவார்களானால், அதுவே ஜவுளிக்குச் செலவிட்ட பணத்துக்குக் கிடைக்கும் முழுப் பலன்.