கைக்குள் ஒரு மகிழுந்து

450 செ.மீ. நீளமுள்ள மகிழுந்தை 1:25 அளவில் செய்தால் அது 18 செ.மீ. ஆகும். அத்தகைய மாதிரியின் பிளாஸ்டிக் உறுப்புகள் தனித்தனியே பெட்டியில் கிடைக்கும். அவற்றை இணைப்பது நம் பணி. அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958-இல் வெளியிட்ட பெட்டிகளில் மாற்று உறுப்புகளும் இருந்தன. ஒரே வண்டியை இயல்பான தோற்றத்திலோ, பந்தய வண்டியாகவோ, விருப்பப்படி அழகூட்டியோ அமைக்கலாம்.

உறுப்புகளை வெட்டியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, முதலில் பசையின்றிப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், இதற்குரிய பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரு உறுப்புகளையும் ஒன்றாக்கிவிடும். கோணலாக ஒட்டிய சக்கரம் கோணலாகவே நிற்கும்.

சொற்பொருள்: மகிழுந்து – கார், சரக்குந்து – லாரி.

வினாக்கள்:
1. பசையிடுமுன் பொருத்திப் பார்ப்பது ஏன்?
2. 10 மீட்டர் நீளமுள்ள சரக்குந்தின் 1:25 மாதிரி எத்தனை செ.மீ. இருக்கும்?