வண்ணம் பகுத்தல்

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் ஒன்று உளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியன இன்றி அஃது ஆக்கப்பெற்றதென அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. பலவற்றை விலக்கியும் சிறந்ததைப் படைக்கலாம் என்பதற்கு அது சான்று. திருப்பூரில் பனியன்மீது படம் அச்சிடும் தொழிலிலும் இவ்வுண்மையைக் காணலாம்.

ஓர் ஓவியத்தில் எண்ணற்ற நிறங்கள் உண்டு. அவை அனைத்திற்கும் தனித்தனி மை வைத்தல் இயலாது. ஆதலின் 6 முதல் 8 வரையிலான மைகளையே தெரிந்தெடுப்பர். ஒவ்வொரு மைக்கும் ஸ்கிரீன் எனப்படும் வலைச்சட்டம் ஒன்று அமையும். படம் அதில் நுண்புள்ளிகளாகப் பதியும். புள்ளி பெரிதாயின் நிறம் அடர்ந்தும், சிறிதாயின் வெளிறியும் தோன்றும். சிவப்புப் புள்ளிகளும் மஞ்சட் புள்ளிகளும் நெருங்கி அமைந்தால், கண் அவற்றைச் செம்மஞ்சளாகவே காணும்.

கரிய துணியில் ஒளி ஊடுருவும் மை எடுபடாது. எனவே, முதலில் வெள்ளை மையை அடித்தளமாக இட்டுச் சூடேற்றி உலர்த்துவர். பின்னர், ஒளி ஊடுருவாத பிற மைகளை ஒவ்வொன்றாகப் பதிப்பர். நிழல் வேண்டிய இடத்தில் மையே இடுவதில்லை. துணியின் கருமையே நிழலாகிவிடும். ஒரு சட்டம் மயிரிழை பிறழினும் படம் மங்கும், துணியும் வீணாகும்.

நிறங்களைப் பகுக்கக் கணிப்பொறி துணைசெய்யும். ஆயினும், எந்நிறத்தைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று துணிவது பழகிய கண்ணே. ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே அச்சிட்டு ஒப்புநோக்கினால் அப்பழக்கம் கைகூடும். மையை இடக் கற்பதோடு, இடாது விடக் கற்றலும் இத்தொழிலுக்கு இன்றியமையாதது.