களிம்பு, கிறீம், பசை: வகையறிந்து பூசுதல்

சேற்றிலும் நீரிலும் நின்று தொழில் புரியும் கமக்காரரின் கால்களிலே புண், படை, வெடிப்பு என்பன அடிக்கடி உண்டாகின்றன. மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்வோரின் கைகளும் இவற்றிற்கு விலக்கல்ல. இவற்றிற்குப் பூசும் மருந்துகள் யாவற்றையும் நாம் பொதுவாகக் 'களிம்பு' என்றே அழைக்கிறோம். ஆயினும் அவை பல வகைப்படும். வகையறியாது பூசினால் நோய் தணியாது. சில வேளை பெருகவுங் கூடும்.

அரைத்திண்ம மருந்து எது?

தேங்காயெண்ணெயைச் சரித்தால் ஓடும். மெழுகுக் கட்டி விரலுக்கு எளிதில் இளகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது அரைத்திண்மம். அது தன் பாரத்தால் ஓடாது வைத்த இடத்தில் நிற்கும். தேய்த்தால் இளகிப் பரவும். அதில் நோயைத் தீர்க்கும் மருந்து ஒரு பகுதி. அம்மருந்தைத் தாங்கும் அடிப்பொருள் மற்றொரு பகுதி. வகைப்பெயர் அடிப்பொருளைக் கொண்டே அமைகின்றது.

வகைகள்

1. களிம்பு: இதன் அடிப்பொருள் பெரும்பாலும் மென்பரபின், மெழுகு, கொழுப்பு என்பன. ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் ஒரு வரையறையின்படி இதில் நீரும் ஆவியாகும் பொருளும் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இது தோலை மூடி ஈரத்தைக் காக்கும். ஆதலால் குதிக்கால் வெடிப்புப் போன்ற உலர்ந்த, தடித்த தோலுக்கு ஏற்றது. நீர் வடியும் புண்ணிற் பூசினால் ஈரம் உள்ளே தங்கித் தோல் ஊறிவிடும்.

2. கிறீம்: எண்ணெயும் நீரும் பாலாகக் கலந்தது. தேங்காய்ப்பாலும் இத்தகைய கலவையே. ஆனால் அது வைத்திருக்கப் பிரியும். கிறீம் பிரியாதிருக்கப் பாலாக்கும் பொருள் சேர்க்கப்படுகின்றது. நீர் மிகுந்த கிறீம் எளிதிற் கழுவுப்படும். ஈரமான இடங்களுக்கு உகந்தது.

3. பசை: அடிப்பொருளில் நுண்ணிய தூளை மிகுதியாகக் குழைத்தது. நாக ஒட்சைட்டு 25 பங்கு, மாப்பொருள் 25 பங்கு, மென்பரபின் 50 பங்கு கொண்ட பசை இதற்கு எடுத்துக்காட்டு. இது இறுக்கமானது, பூசிய இடத்தை விட்டுப் பரவாது.

4. ஜெல்: கடற்பாசியைக் காய்ச்சி ஆறவிட்டால் உறைவது போல, நீர்மம் வலைபோன்ற ஒரு பொருளால் பிடித்து நிறுத்தப்பட்டது.

சேற்றுப்புண்ணும் மருந்தும்

கால்விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சணத்தால் உண்டாவது. பழைமையான விற்பீல்ட் களிம்பில் பென்சோயிக்கமிலம் நூற்றுக்கு 6 பங்கும் சலிசிலிக்கமிலம் 3 பங்கும் உள. இது தடித்த தோலை உரித்துப் பூஞ்சணத்தைத் தாக்கும். பச்சைப் புண்ணிற் பூசினால் எரியும். ஈரமான விரலிடுக்கிற்குக் குளொற்றிமசோல் கிறீம் பொருத்தமானது. பூசுமுன் காலைக் கழுவி, விரலிடுக்கை நன்கு உலர்த்துதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

- ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் படைக்குப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சணமோ மறைவாகப் பரவும்.
- மாட்டிற்கு வாங்கிய மருந்தை மனிதர் பூசலாகாது.
- எந்தக் களிம்பும் எலிக்காய்ச்சலைத் தடுக்கமாட்டாது. காலில் காயமுள்ளோர் வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரியிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிக. வயல் வேலைக்குப் பின் காய்ச்சலும் தசை நோவும் கண்டால், தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, வயலில் இறங்கியதையும் வைத்தியரிடம் கூறுக.

விதையின் இனமறிந்து விதைக்கும் கமக்காரர் மருந்தின் வகையையும் அறிந்து பூசுவாராக. உறையிலுள்ள பெயரையும் காலாவதித் திகதியையும் வாசித்த பின்னரே மூடியைத் திறவுங்கள்.