லீவு மட்டும் ஏன் ஓடிவிடுகிறது?

கேள்வி: சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். செமஸ்டர் லீவுக்கு ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் திரும்பப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறியாயிற்று. ஆனால் பொங்கலுக்கு வந்த நாலு நாள் மட்டும் அப்படியே மனசில் இருக்கிறது. ஹாஸ்டலிலோ ஒரு வாரம் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. லீவை வீணாக்கிவிட்டேனோ என்று உறுத்துகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள்: அந்த நாலு நாள்.

நேரத்தை மனசு இரண்டு விதமாக அளக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது, கடிகாரத்தின் மேல் எவ்வளவு கவனம் இருக்கிறதோ அவ்வளவுக்கு நீளும். மதிய லேப் முடியவே முடியாததுபோல் தோன்றுவது அதனால்தான். முடிந்தபின் திரும்பிப் பார்க்கும்போது கணக்கே வேறு. அப்போது, தனித்தனியாக நினைவில் நிற்பது எத்தனை என்பதுதான் அளவு. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இந்த முரணை எழுதிவிட்டார்.

போகி, பெரும்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை, ஒரு வாசனை, வேறு வேறு முகங்கள். செமஸ்டர் லீவில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் என்ன வித்தியாசம்? முப்பது நாளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நாளாகிவிட்டன. போதாக்குறைக்கு செல்போன். ரீல்ஸ் பார்க்கும்போது மணி போவது தெரியாது. பார்த்து முடித்தபின் மனசிலும் ஒன்றும் தங்காது. இரண்டு கணக்கிலும் நஷ்டம்.

நினைவு நேரத்தை எப்படி நீட்டுகிறது என்பதற்கு, நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 31 மீட்டர் உயரத்திலிருந்து சிலரை வலையில் விழச் செய்தார்கள். மற்றவர் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம் என்றே அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது அவர்கள் கண் எதையும் கூடுதல் வேகத்தில் பிடிக்கவில்லை. செறிவாகப் பதிந்த நினைவுதான் பிறகு நேரத்தை நீட்டிக் காட்டியது. இதற்காக நீங்கள் கோபுரத்திலிருந்து குதிக்க வேண்டாம்!

உறுத்தலை விட்டுவிடுங்கள். பரீட்சைக்குக் கண் விழித்த உடம்பு முதல் வாரம் தூங்கத்தான் செய்யும். இந்த வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். லீவு இன்னும் நீளமாக இருந்திருந்தால் சரியாகியிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். நெதர்லாந்து ஊழியர்களிடம் ஜெசிகா டி ப்ளூம் என்ற உளவியல் ஆய்வாளர் செய்த ஆய்வில், நீண்ட விடுமுறையின் நிறைவு எட்டாம் நாளிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது.

டைம்டேபிள் போடச் சொல்ல மாட்டேன். அதை யாரும் மூன்றாம் நாளுக்கு மேல் பார்ப்பதில்லை. ஹாஸ்டல் பிள்ளை வீட்டுக்கு வந்தால் விருந்தாளி ஆகிவிடுகிறது. உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வருகிறது, ஒரு வேலையும் சொல்வதில்லை. அப்புறம் எல்லா நாளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதைத்தான் மாற்ற வேண்டும். அப்பாவோடு சந்தைக்குப் போங்கள். ஆச்சி வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். ஒரு நாள் சமையலை முழுக்க நீங்களே பாருங்கள். "எப்ப கெளம்பணும்?" என்று அம்மா தினமும் கேட்டால், டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். எப்படியும் பிரிக்கப் போவதில்லை என்பதால், பாடப்புத்தகங்களை அடுத்த முறை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.