பகுதிநேர ஜிம் பயிற்சியாளர் கவனத்திற்கு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் காலையிலோ மாலையிலோ சில மணி நேரம் மாத்திரம் ஜிம்மில் பயிற்சி அளிப்போர்க்கு:

1. ஷிப்ட் நேரம், சம்பளம், விடுப்பு ஆகியவற்றை எழுத்து மூலம் பெறுங்கள். தகராறு நேர்ந்தால் வாய்வார்த்தை நிலைக்காது.

2. இதுவே தலையாய கடமை: பொறுப்பை ஒப்படைக்குமுன், இழை பிரிந்த கேபிளையும், முழங்கால் வலியென்று முறையிட்ட அங்கத்தினரின் பெயரையும் பதிவேட்டில் குறித்து, அடுத்து வருபவரிடம் நேரிலும் சொல்லிவிட்டே புறப்படுங்கள், விஷயமறியாமல் அவர் ஏற்றும் பளு ஒரு தேகத்தை ஆயுள்வரை வருத்தக்கூடும்.

3. ஷிப்ட் மாற்றினால் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள்; இல்லையேல் உங்களுக்கே ஆப்சென்ட் விழும்.

4. யாருக்கேனும் மார்பு வலித்தால் 108-ஐ அழையுங்கள், தாமதம் பிராணாபாயம்.

5. இடையிடையே அமர நாற்காலி கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தப்படி, ஊழியர்க்கு இருக்கை அளிப்பது கட்டாயம்.