சுந்தரபாண்டியத்துத் தம்பிக்கு: கோபுரத்தில் புள்ளிகள் அதிகம்



சுந்தரபாண்டியத்திலிருந்து தம்பி செய்து அனுப்பிய ஆடிப்பூரப் படம் வந்து சேர்ந்தது. இருட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். 11 நிலைகளும் கீழிருந்து ஒவ்வொன்றாக ஒளி பெறுகின்றன. கடைசியில் ஆண்டாளின் கிளி உருமாறி ‘ஆ’ என்ற எழுத்தாகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் பாதையைக் காப்பி செய்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயரைத் தேர்ந்து ஒட்டினால் மாஸ்க் ஆகிவிடும் என்பதையும், முன்னதாக ‘பிரிசர்வ் பாத்ஸ்’ டிக் செய்திருக்க வேண்டும் என்பதையும் தம்பிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சு வேறு.

கோபுரத்தின் விளிம்பு நெளிகிறது.

காரணம் பார்த்ததுமே தெரிகிறது. போட்டோவை இமேஜ் ட்ரேஸில் போட்டு, வந்ததை அப்படியே மாஸ்க்காக ஒட்டியிருக்கிறார் தம்பி. ஒவ்வொரு சுதைச் சிற்பத்தின் தோளும் முழங்கையும் தனித்தனிப் புள்ளிகளாகிவிட்டன. மாஸ்க் எக்ஸ்பான்ஷனுக்குக் கீஃப்ரேம் வைத்ததும் அந்த மேடுபள்ளமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நகர்கின்றன. அதை ஃபெதரைக் கூட்டி மூடியிருப்பதுதான் பொறுக்க முடியாதது. கல்லும் சுதையுமான கோபுரத்துக்குப் பஞ்சு விளிம்பு எதற்கு?

மாஸ்க் பாதைகளான இந்த வளைகோடுகள் பிறந்ததே புள்ளிகளைக் குறைக்கத்தான். பிரான்சில் சித்ரோயன் கார் நிறுவனத்தில் 1959இல் பால் தெ கஸ்தெல்ஜோவும், பிறகு ரெனோவில் பியர் பெசியரும் காரின் உடல் வளைவைச் சில புள்ளிகளால் துல்லியமாகச் சொல்ல வழி தேடினார்கள். பென் டூல் அந்த வழியில் வந்தது. 1949இல் மாநில முத்திரைக்காகக் கோபுரம் வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவையும் தம்பி பார்க்க வேண்டும். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரை மேலைக் கோபுரமா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. ஆனால் காசளவில் அச்சிட்டாலும் அது கோபுரம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எதை விடுவது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் இருக்கும் சிவகாசியிலேயே அந்தப் பழக்கம் இருந்தது. சி. கொண்டையராஜுவும் சீடர்களும் கோவில்பட்டியில் தீட்டிய சாமிப் படங்களைக் காலண்டராக வீடுவீடாகக் கொண்டுசேர்த்த ஊர் அது. கம்ப்யூட்டர் வருமுன் ஆஃப்செட் வேலையில் மாஸ்க் என்றால் சிவப்புப் படலம், பிளேடு, கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசை. ஒரு வளைவை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கை நின்று நின்று போனால் விளிம்பு படிபடியாக உடைந்து அச்சில் காட்டிக்கொடுக்கும். 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பின் வரைபடத்தைக்கூட இதே சிவப்புப் படலத்தில்தான் கத்தியால் வெட்டினார்கள். அந்த மேசைகளில் வேலை பார்த்த கைகள் இன்று மவுஸைப் பிடித்தாலும் தேவைக்கு மேல் ஒரு புள்ளி வைப்பதில்லை.

கிளிக்கு வருவோம். தினமும் இலைகளால் புதிதாகக் கட்டப்பட்டு ஆண்டாள் கையில் அமரும் கிளி, தம்பியின் படத்தில் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு எழுத்தாகிறது. கிளியின் முதல் புள்ளி வாலில் இருக்கிறது, எழுத்தின் முதல் புள்ளி தலையில். அலகு நுனியில் ஒன்றும், ‘ஆ’வின் தொடக்கச் சுழியில் ஒன்றும் தேர்ந்து ‘செட் ஃபர்ஸ்ட் வெர்டெக்ஸ்’ கொடுத்தால் அலகே சுழியாக விரியும். இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் நடுவில் எங்கும் திருகாது.

இவ்வளவுக்கும் பிறகு, ஒளி ஏறும் அந்த நிதானத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். மேலே போகப் போக நிலைகள் சிறுத்துவருவதைக் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கிறார் தம்பி. கலசங்களில் வெளிச்சம் விழுந்ததும் எதையும் அசைக்காமல் விட்ட இடத்தில் உடம்பு சிலிர்த்தது. பெரிய ஸ்டுடியோக்களின் வேலையிலும் இந்தப் பொறுமை அபூர்வம். அந்தக் கீஃப்ரேம்களில் கைவைக்கவே வேண்டாம். கோபுரத்தை மட்டும் பென் டூலால் மறுபடி வரைந்து, இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். படத்துக்கு முன்னால் அதைத்தான் இங்கே திறந்து பார்ப்பார்கள்.